இரண்டாவது ஊசி

நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது டீச்சர். நீங்கள் படித்தவர்கள். நான் ஆறாவதோடு நின்றவள். நான் ஒன்று சொல்ல, நீங்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு உங்கள் அம்மாவுக்கு முழங்காலில் ஊசியைப் போட்டுவிட்டு, நாளைக்கு அந்தம்மா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யார் பேர் வரும்? "அந்தத் தையல்காரி சொன்னா" என்று என் பேர்தான் வரும். ஏற்கெனவே ஒரு தடவை வந்தாகிவிட்டது. கோயிலில் ஒருத்தியிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லிவிட்டு, இன்றைக்கும் அவள் என்னைக் கண்டால் எதிர் நடைபாதைக்குப் போய்விடுகிறாள்.

அதனால் நான் ஊசி நல்லது என்றும் சொல்ல மாட்டேன், ஆபரேஷன் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். நிமிர்ந்து நில்லுங்கள். தோள் பதினாலு. போன தடவை பதினாலரை இருந்தது, இளைத்துவிட்டீர்கள். அம்மாவைப் பற்றிய கவலைதான்.

எனக்கு வலது முழங்கால். முப்பத்தோரு வருஷம் இந்த மெஷினை மிதித்த கால். வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது எனக்குத் தேதியே தெரிந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தவக்காலத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதையில். பதினான்கு நிலைக்கும் முழங்காலிட்டு எழ வேண்டும் இல்லையா? பதினோராவது நிலையில் எழுந்திருக்கும்போது உள்ளே கடக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்டது. ஆனாலும் மீதி மூன்று நிலையையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் நான் முழங்காலிடாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் தைலம், ஒத்தடம், முட்டி உறை என்று ஓட்டினேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் தினமும் ஒரே பாட்டு. "பேரிங் தேஞ்சா பேரிங்கை மாத்தணும். கிரீஸ் அடிச்சு எத்தனை நாளைக்கு ஓட்டுவ?" மனுஷிக்கும் ரயில் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். மெஷினுக்கு ஒரு மோட்டாரும் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார், மிதிக்க வேண்டாம் என்று. அதோ, அந்தக் கட்டிலுக்கு அடியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மோட்டார் வைத்தால் கழுத்து வளைவில் தையல் என் பேச்சைக் கேட்காது டீச்சர். அது போகிற போக்கில் போகும்.

போன வருஷம் டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணியெல்லாம் முடித்துவிட்டு, அவர் பிடுங்கல் தாங்காமல் எலும்பு டாக்டரிடம் போனேன். இளம்பரிதி என்று பேர், சின்ன வயதுதான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது என்றார். அப்புறம் சொன்னார் பாருங்கள், அதுதான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியாத பேச்சு.

"மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடலாம்மா. சில வாரம், சில பேருக்குச் சில மாசம், வலி அடங்கும். ஆனா தேஞ்சது வளராது. இல்லேன்னா ஆபரேஷன் பண்ணி மூட்டை மாத்தலாம். ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, சிரமமும் இருக்கு. யோசிச்சு நீங்க ஒரு முடிவு சொல்லுங்க."

நான் முடிவு சொல்ல வேண்டுமாம். அதற்கு எதற்கு டாக்டர்? என்னிடம் ப்ளவுஸ் தைக்க வருகிறவர்களிடம் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்பேன், கை எவ்வளவு நீளம் என்று கேட்பேன். எந்த ஊசியைப் போட்டுத் தைக்கட்டும் என்று கேட்பேனா? கேட்டால் அடுத்த தடவை வருவீர்களா? இதை அவரிடமே சொன்னேன். அவர் சிரித்தார். "கழுத்து இறக்கம் மாதிரிதாம்மா இதுவும். போட்டுக்கப்போறது நீங்கதானே" என்றார். படித்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

எனக்கு ஆபரேஷன் என்றாலே பயம். ஏன் என்று கேட்டால், நான் வெட்டுகிறவள் டீச்சர். தையல் தப்பினால் பிரித்துவிடலாம். வெட்டு தப்பினால் துணி போனது போனதுதான். எத்தனை பட்டுத் துணியைக் கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? அது ஒரு மீட்டர் துணி. இது என் கால்.

இதில் லில்லி அண்ணி வேறு. லில்லி புஷ்பம், இவருடைய அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டவர். கடைக்குப் போகிறார், மாடி ஏறுகிறார், காலை ஐந்தரைப் பூசைக்கு நடந்தே வருகிறார், இல்லை என்று சொல்லவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சேலையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். "பாரு வியாகுலம், ஜிப்பு வச்ச மாதிரி எவ்ளோ அழகா தச்சிருக்காங்க." நான் பார்த்தேன். இடது கால் பரவாயில்லை. வலது காலில் நடுவில் ஒரு இடம் கோணல்.

ஆனால் ஒன்று. அண்ணியால் முழங்காலிட முடியாது. முட்டி போடாதீர்கள், சம்மணம் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நடுப்பூசையில் மணி அடிக்கும்போது கோயிலே முழங்காலில் இருக்கும், இவர் மட்டும் பின்னால் நாற்காலி வரிசையில் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார். பத்து நாற்காலி இருந்தது, இப்போது இருபத்தைந்து ஆகிவிட்டது. நான் கோயிலில் மரியாயின் சேனை என்கிற ஜெபக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்தபோது, நாற்காலி போட்டால் எல்லோருக்கும் முட்டி வலி வரத்தான் செய்யும் என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவள். அப்படிச் சொன்ன நான் போய் அதில் உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? அது என் கவலை இல்லை, ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் அண்ணி பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டி "வா வா" என்று கூப்பிடுவார். அந்தக் காட்சி என் கண்ணில் வந்து வந்து நின்றது.

கையைத் தூக்குங்கள். ம்.

அதனால் ஊசி என்று முடிவு சொன்னேன். ஜனவரி பதினெட்டு. முந்தின நாள் சாயந்தரம் மெஷினுக்கு மேலே இருக்கிற அந்த வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். தாயே, இந்த ஒரே ஊசியில் என் முழங்கால் சரியாகி, வெட்டில்லாமல் நான் தப்பித்துவிட்டால், உன் மணல் பாதையில் முழங்காலாலேயே நடந்து வருகிறேன் என்று.

சிரிக்காதீர்கள் டீச்சர். சிரிப்பை அடக்குகிறீர்கள், தோளில் தெரிகிறது. கால் வலிக்குக் கால்தானே காணிக்கை? கண் வலி என்றால் வெள்ளியில் கண் செய்து போடுகிறார்களே. எனக்கு வெள்ளிக்கு வசதி இல்லை.

ஊசி அப்படியொன்றும் வலிக்கவில்லை. ஒரு வாரத்துக்குச் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏறத்தான் செய்தது, இருநூற்று எண்பதுக்குப் போய் இறங்கியது. கொஞ்ச நாளைக்கு முழங்காலுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாராம். சொன்னாராம் என்று இவர் சொல்கிறார். சரி, சொல்லியிருக்கலாம். நானும் பத்து நாள் மெஷினையே தொடவில்லையே. வேறென்ன செய்ய வேண்டும்?

ஐந்தாம் நாள் காலையில் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பால் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது, சுவரைப் பிடிக்காமல் வந்திருக்கிறேன் என்று. வலி இல்லை. இருந்த இடம் தெரியவில்லை. அப்படியே நின்று அழுதேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் ஊசி தங்கம் என்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான், முதலில் சொன்னேனே, எதிர் நடைபாதைக்குப் போகிறவள், அவளும் போய்ப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஊசி கேட்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்? அவள் வேண்டிக்கொண்டாளா என்று நான் கேட்டேனா?

பிப்ரவரி எட்டாம் தேதி வேளாங்கண்ணிக்குப் போனோம். பழைய தலையணையைப் பிரித்து, லைனிங் துணி கொடுத்து, முழங்காலுக்கு மெத்தை மாதிரி இரண்டு உறை தைத்துக்கொண்டு போயிருந்தேன். நாடாவெல்லாம் வைத்து அழகாக வந்திருந்தது. மணல் பாதைக்குப் போனதும் பார்த்தேன், ஒரு கைப்பிள்ளைக்காரி வெறும் முழங்காலில் போய்க்கொண்டிருக்கிறாள், சேலை கிழிந்து தொங்குகிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது. மெத்தை வைத்துக்கொண்டு போடுவது நேர்த்திக்கடனா? அவிழ்த்து இவர் கையில் கொடுத்துவிட்டேன்.

இவர் ஒரு கையில் என் செருப்பும் உறையும், இன்னொரு கையில் எனக்கு மேலே குடை. பாதி தூரத்தில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"மாதாவுக்கும் எனக்கும் நடுவுல டாக்டர் எதுக்குங்க?"

அப்புறம் அவர் குடையை விடவில்லை. நானும் ஜெபமாலையை விடவில்லை. இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? வலிக்கவே இல்லை டீச்சர். தோல் எரிந்தது, மணல் சுட்டது, அது வேறு. மூட்டு வலிக்கவில்லை. முழுதாக முடித்து எழுந்து நின்றேன். எனக்கு நான்கு வயது குறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மடக்க முடியவில்லை, நீட்ட முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். இளம்பரிதி டாக்டர் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார். பரிசோதனைக்கு அனுப்பினார். நல்லவேளை, சீழ் இல்லை என்று வந்தது. ஆனால் அவருக்குப் புரியவில்லை. மூன்றே வாரத்தில் இப்படி ஆகாதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"ஒன்னும் பண்ணலையே டாக்டர்."

இவர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதற்கு அந்த ஒரு பலன்தான்.

பொய்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மணல் பாதையில் நடந்தேன் என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? அதனால்தான் வீங்கியது என்பார். அப்படியென்றால் மாதா என் காலைக் கெடுத்தாள் என்று ஆகிறது. அதை நான் காது கொடுத்துக் கேட்பதா? ஊசியில்தான் ஏதோ கோளாறு என்று எனக்குப் பட்டது. இப்போதும் முழுசாக மனசு மாறவில்லை.

புது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இனி மூட்டை மாற்றுவதுதான் வழி, ஆனாலும் நீங்கள் சொல்லுங்கள் என்றார். மறுபடியும் நான் சொல்ல வேண்டும். மார்ச் முழுக்க நான் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குளியலறையில் ஒரு நாள் எழ முடியாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இவர் கதவைப் பெயர்த்து என்னைத் தூக்கினார். அன்றைக்கு அவர் பேரிங் கதையெல்லாம் சொல்லவில்லை. துண்டைப் போட்டு மூடிவிட்டு, "நாளைக்குப் போய்த் தேதி வாங்குவோம் வியாகுலம்" என்றார். அந்தக் குரலுக்காகத்தான் சரி என்றேன்.

ஜூன் பதினொன்று என்று தேதி கொடுத்தார்கள். ஏப்ரலிலேயே காப்பீட்டு அட்டைக்கு எழுதிப் போட்டாகிவிட்டது. தேதி கொடுத்த அன்றைக்கு டாக்டர் ஒன்று சொன்னார், அதைக் கவனமாகக் கேளுங்கள், உங்கள் அம்மாவுக்கு உதவும். "இனிமே இந்த முட்டியில ஊசி எங்கயும் போட்டுக்காதீங்கம்மா."

எங்கேயும் என்றார் பார்த்தீர்களா? எனக்கு உடனே புரிந்தது, அல்லது புரிந்த மாதிரி இருந்தது. நான் வெட்டிய துணியை ஒருத்தி எடுத்துக்கொண்டு போய் வேறு தையல்காரியிடம் கொடுத்தால் எனக்குக் கோபம் வராதா? வரும். நானே சொல்வேன், என் வெட்டுத் துணியை இன்னொருத்தி கையில் கொடுக்காதே என்று. தொழில் ரோஷம். டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பாவம், சின்ன வயது, ஆள் விட்டுப்போய்விடக் கூடாதென்று நினைக்கிறார் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மே கடைசி ஞாயிறு எங்கள் கோயிலில் புதுநன்மை. பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன். இருபத்துமூன்று கவுன், எல்லாம் என் கையில். பதினெட்டு வருஷமாக நான்தான் தைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று அடுக்குச் சுருக்கம், கழுத்தில் லேஸ். ஆபரேஷனுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று வாங்கிவிட்டேன். மே முதல் வாரத்தில் ஆறு கவுன்தான் முடிந்திருந்தது. கால் மிதிக்க மறுத்துவிட்டது. இடது காலால் மிதித்தால் தையல் திக்குகிறது. இவர் கட்டிலுக்கு அடியில் இருந்து மோட்டார் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். நான் காலாலேயே உள்ளே தள்ளினேன்.

மே பன்னிரண்டாம் தேதி, நூல் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தில்லைநகர் பக்கம் வேறொரு டாக்டரிடம் போனேன். முன்னால் ஊசி போட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆபரேஷன் ஏதாவது பேசியிருக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். அவரும் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நூலும் மறக்காமல் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

நான்கு நாளில் வலி அடங்கியது. மீதிப் பதினேழு கவுனையும் முடித்தேன். புதுநன்மை அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் வரிசையாக வந்தபோது வாத்துக் கூட்டம் மாதிரி இருந்தது. ஒரு கவுனில்கூடக் கீழ்மடிப்பு ஏறி இறங்கவில்லை. இவர் மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலி குறைஞ்சிருச்சா?" என்று கேட்டார். ஜெபம் பண்ணினேன் என்றேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் சாயந்தரம் ஒரு பெண் வந்து, ஆபரேஷனுக்கு இருக்கிற எங்கள் நாலு பேருக்கும் படம் போட்ட அட்டையைக் காட்டி விளக்கம் சொன்னாள். எங்கே வெட்டுவார்கள், எதை வைப்பார்கள், எப்போது நடக்கலாம் என்று. கடைசியில் சொன்னாள், மூன்று மாசத்துக்குள் மூட்டுக்குள்ளே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று. அந்த மருந்தினால் உள்ளே கிருமி சுலபமாகப் பிடிக்குமாம். சீழ் வைத்துவிட்டால் வைத்த மூட்டையே திரும்பக் கழற்ற வேண்டி வருமாம். சில பேருக்கு மாசக் கணக்கில் மூட்டே இல்லாமல் கிடக்க வேண்டியிருக்குமாம்.

விரலை மடக்கிப் பார்த்தேன். மே பன்னிரண்டில் இருந்து ஜூன் பதினொன்று. முப்பது நாள்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கே சொல்லவிட்டார்கள்? லில்லி அண்ணி துணைக்கு என்று வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து கேட்டாள், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"ஜனவரியில போட்டது சிஸ்டர். அதுக்கப்புறம் ஒன்னும் கிடையாது. எனக்குத் தெரியாம இவ எதுவும் பண்ண மாட்டா."

நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள். மயக்க டாக்டர் வந்தார், அதே கேள்வி. அண்ணி அதே பதில். இவரும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். இத்தனை மாசமாக நீ முடிவு சொல், நீ முடிவு சொல் என்று என் உயிரை எடுத்தார்கள். நான் ஒன்று சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாய் அண்ணியிடம் போய்விட்டது. இவரிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், அண்ணி அந்தப் பக்கம் போனால்தானே? சொன்னால்தான் என்ன ஆகும்? இரண்டாவது ஊசியைச் சொன்னால் ஏன் முதல் ஊசி கேட்கவில்லை என்று வரும். அப்புறம் மணல் பாதை வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்க வரும். நாற்காலி வரிசையில் உட்கார்ந்துகொண்டு அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

காலையில் ஆறு மணிக்குக் காலைக் கழுவித் துடைத்துவிட்டுப் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். அண்ணி தலைமாட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார். நர்ஸ் வந்து, டாக்டர் வந்து எந்தக் கால் என்று பேனாவால் குறி போடுவார், போர்வையை எடுக்காமல் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குறி என்றதும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. வெட்டுவதற்கு முன்னால் குறி போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷத்தில் குறி போடாமல் ஒரு கைக்குட்டைகூட வெட்டியதில்லை. என் கண்ணாடிக் கூட்டில் எப்போதும் ஒரு சாக்கட்டி கிடக்கும், துணியில் கோடு போடுகிறது. அண்ணியிடம், கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை, கூட்டைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். கூட்டோடு கையைப் போர்வைக்குள் விட்டு, தடவித் தடவி, நாக்கில் தொட்ட ஈர விரலால் முழங்காலை நனைத்து, கண்ணால் பார்க்காமலே எழுதினேன். மே 12 ஊசி. பெரிய எழுத்தில். என் கால் நல்ல கறுப்பு, வெள்ளைச் சாக்கட்டி பளிச்சென்று தெரியும். கீழே இடம் இருந்தது. வெட்டாதீங்க என்றும் எழுதினேன். அண்ணி அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் வந்தார். கையில் பேனா. போர்வையை முழங்கால் வரைக்கும் தூக்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். போர்வையை மெதுவாக இழுத்து மூடினார். என்னைப் பார்த்தார். நான் அண்ணி பக்கம் கண்ணைக் காட்டினேன். கெட்டிக்காரப் பிள்ளை, புரிந்துகொண்டது.

"அம்மாவுக்குச் சுகர் ஏறியிருக்கு. இன்னைக்குப் பண்ண வேண்டாம். ஆகஸ்ட்ல வச்சுக்கலாம்" என்றார் சத்தமாக. அப்புறம், காலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வேற ஏதாவது எழுதணுமாம்மா? சாக் இருக்கா?"

அப்போதுதான் மணல் பாதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

சுகர் என்று அவர் சொன்னதில் இன்னொரு தொல்லை. அன்றைக்கே அண்ணி என் வீட்டுக்கு வந்து சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது ஊரெல்லாம், ஆபரேஷனுக்கு முதல் நாள் வியாகுலம் அல்வா தின்றாள் என்று பேச்சு. நான் அல்வாவைத் தொட்டு ஏழு வருஷம் ஆகிறது. வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் டீச்சர். அம்மாவிடம் வேண்டுமானால் சொல்லுங்கள், பேர் சொல்லாமல்.

ஆகஸ்ட் இருபது என்று தேதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஊசிக்கு மூன்று மாசம் தாண்டிவிடும். அதுவரைக்கும் வேறெந்த டாக்டரிடமும் போக மாட்டேன் என்று இளம்பரிதி டாக்டர் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். வலிக்கிறது. வலிக்கட்டும். உங்கள் ப்ளவுஸுக்கும் பத்து நாள் ஆகும், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மிதிக்கிறேன். மோட்டாரா? பார்க்கலாம், பார்க்கலாம்.

இந்தத் தடவை நேர்த்திக்கடன் ஒன்றும் வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். அப்புறம் யோசித்தால், வெட்டு என்று ஆன பிறகு ஒன்றுமே நேர்ந்துகொள்ளாமல் போய்ப் படுப்பதா? பயமாக இருக்கிறது டீச்சர். அதனால் போன சனிக்கிழமை மாதாவிடம் வேண்டிக்கொண்டேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இவர் அந்த மணல் பாதையில் முழங்காலால் நடப்பார் என்று. முப்பது வருஷம் இரும்பு தூக்கிய கால், தாங்கும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் முன்னால் மாதிரி யோசிக்காமல் செய்ய மாட்டேன். அந்த மெத்தை உறையைப் பிரித்து, இவர் தூங்கும்போது அளவு எடுத்து, இரண்டு அடுக்குப் பஞ்சு கூட்டித் தைத்து வைத்துவிட்டேன். பத்திரமாக இருக்கட்டும்.